கைப்பிடிக் கொள்ளுக்கு வந்த குதிரை

சேசு மரி சூசை

கெடார்,
10-10-1937

தம்பி அந்தோணிசாமிக்கு அக்காள் லூர்துமேரி ஆசீர்வதித்து எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் இங்கே சுகம். உன் சுகத்துக்கும் ஜெயத்தின் சுகத்துக்கும் எழுதவும்.

சம்மனசு சவுக்கியமா? அவனை விழுப்புரம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றி நாலு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கழுத்தடியைத் தடவிப் பார்த்து, தேவமணிச் சுழி இருக்கிறது, ராஜா வீட்டுக் குதிரை என்று முதலாளிக்கு ஆசை காட்டிப் பந்தய லாயத்துக்குக் கூட்டிப் போகத் தெரிந்தது. போன பிள்ளை தின்கிறதா தூங்குகிறதா என்று எழுத மட்டும் கை வலிக்கிறது போலும்.

முதலாளி வேங்கடேசன் மோட்டார் வாங்கிவிட்டார். பம்பாய் அரபிக்காரனிடம் குதிரை வாங்கி வந்த காலத்தில், திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருக்கும் மனிதருக்கு ஜமீன்தார் ஆசை இருந்தது. அந்த ஆசை இப்போது பெட்ரோலில் ஓடுகிறது. மாதம் ஒருமுறை காரியஸ்தர் நடராசன் மட்டும் வந்து, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, குதிரைகளை எண்ணிவிட்டுப் போகிறார். மூன்று உருப்படிகளை எண்ண அவருக்கு அரை நாள் வேண்டியிருக்கிறது.

சம்மனசைப் பெற்ற ராக்கினி மறுபடி சினையாக இருக்கிறாள். பங்குனியில் ஈனுவாள் என்று உன் மாமா சொல்கிறார். கூடப் பிறந்தது வருகிறது என்று சம்மனசு காதில் சொல். உனக்கு வெட்கமாயிருந்தால் யாரும் இல்லாதபோது சொல்.

இப்படிக்கு,
லூர்துமேரி

&nbsp;

சேசு மரி சூசை

சைதாப்பேட்டை,
2-11-1937

அன்புள்ள அக்காளுக்கு அந்தோணிசாமி எழுதிக்கொண்டது. நாங்கள் க்ஷேமம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

சம்மனசு நன்றாக இருக்கிறான். நாலு காலுக்கும் லாடம் அடித்தாயிற்று. தனி அறை, கம்பளி, விலாயத்து ஓட்ஸ் தீனி. உங்கள் புளியமரத்தடியில் மழையில் நனைந்துகொண்டு நின்ற பிறவி இப்போது துரைமார் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது.

அவனை நீங்கள் வளர்த்த லட்சணத்தை இங்கே சொல்ல எனக்கு மானம் போகிறது. பொலிகுதிரையைப் பெட்டைகளோடு ஒரே வயலில் மேய விட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். லாயமே சிரித்தது. லாடம் கிடையாது, கடிவாளம் கிடையாது, சாட்டை கிடையாது. அது குதிரைப் பண்ணையா, ஆட்டுப்பட்டியா? வந்த புதிதில் யார் கூப்பிட்டாலும் ஓடிவந்து தோளில் தலையை வைத்துக்கொண்டு நிற்பான், நாய்க்குட்டி மாதிரி. அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

தை மாதம் ஓட விடப்போகிறார்கள். ஓடி ஜெயித்தால் குதிரைக்காரர்களுக்கெல்லாம் மேலாக என்னை ஜமேதார் ஆக்குவதாக லாயத்துத் துரை சொல்லியிருக்கிறார். இப்போதே தலைப்பாகையும் பூட்ஸும் கொடுத்தாயிற்று. பூட்ஸ் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன், பிறகு அனுப்புகிறேன்.

அந்தோணிசாமி

&nbsp;

சேசு மரி சூசை

கெடார்,
27-12-1937

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சுகம். பாலன் பிறந்த திருநாளுக்குக் கோயிலுக்கு நடந்து போய் வந்தோம். உங்களுக்காகவும் வேண்டிக்கொண்டேன், உங்கள் துரைக்குப் புத்தி வரவும் வேண்டிக்கொண்டேன்.

சம்மனசுக்கு வருகிற மாசியில்தான் மூன்று முடிகிறது. நாலு முடியுமுன் முதுகில் சாக்குக்கூடப் போடக் கூடாது. இது உனக்குத் தெரியாததா? நம் அப்பா பெரியசாமி குதிரைக்குச் சுழி பார்க்க ஊர் ஊராய்ப் போனபோது கூடவே பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. அவரிடம் சுழியை மட்டும் கற்றுக்கொண்டாய். ஆனைக்கு அர்ரம் என்றால் குதிரைக்குக் குர்ரம் என்று சொல்கிற படிப்பு.

சுல்தான் பெட்டைகளோடு மேய்கிறான் என்று உங்கள் லாயம் சிரித்ததா? உங்கள் பொலிகுதிரையை இருட்டறையில் பூட்டிவைத்து, அது சுவரை உதைத்தால் முரடு என்று பெயர் வைக்கிறீர்கள். இங்கே சுல்தான் ராக்கினிக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் போய், அவள் தண்ணீர் குடித்த பிறகு குடித்துவிட்டு வருகிறான். உன் மாமாவே அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். குட்டிக்கு எப்போது பால் மறக்க வேண்டுமென்று தாய்க்குத் தெரியும், அவளே ஒருநாள் உதைத்துத் துரத்துவாள். பனமலைப் பாறையில் நடந்தே குளம்பு தேய்ந்து சரியாகிறது. குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை. உங்கள் குணமறிந்து அவர் பூட்ஸ் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

சம்மனசு சவுக்கியமா? அவனை ஓட விடாதே என்று நான் சொன்னதாகத் துரையிடம் சொல். உனக்குப் பயமாயிருந்தால் உன் அக்காள் பட்டிக்காட்டுப் பைத்தியம் என்று சேர்த்துச் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

லூர்துமேரி

&nbsp;

சேசு மரி சூசை

சைதாப்பேட்டை,
20-2-1938

அக்காளுக்கு. நாங்கள் க்ஷேமம். வீட்டில் ஜெயத்துக்கு மட்டும் கொஞ்சம் சுரம், இப்போது தேவலை. வேலை அதிகம், பதில் எழுதத் தாமதம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புல்லைத் தின்று வளர்ந்த எலும்பு எலும்பில்லை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதையாக, அப்படி வளர்ந்ததை நம்பி யாரும் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று இங்கே பெரியவர்களே சொல்கிறார்கள். இனிப் பிறப்பதையாவது ஆறாம் மாதம் தாயிடமிருந்து பிரித்து, லாடம் அடித்து, ஒழுங்காக வளர்க்கப் பார்.

என்னை ஜமேதார் ஆக்கியாயிற்று.

அந்தோணிசாமி

&nbsp;

சேசு மரி சூசை

கெடார்,
25-3-1938

தம்பிக்கு அக்காள் எழுதுவது. சுகம். ஜமேதார் ஆனது பற்றிச் சந்தோஷம். தலைப்பாகை காதை மறைக்காமல் பார்த்துக்கொள்.

ராக்கினி செவ்வாய்க்கிழமை விடியலில் ஏரிக்கரைப் புல்லில் ஈன்றாள். நாங்கள் கிட்டே போகவில்லை. பொழுது நன்றாய் விடிந்த பிறகு அவளே குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். பெண் குட்டி. நிறம் தாயைப் போல, நடை சம்மனசைப் போல.

மூன்றாம் நாள் காரியஸ்தர் வந்தார். குட்டியை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளக் குனிந்தவர் அப்படியே பின்வாங்கினார். "இன்னாம்மா இது, கண்ணுக்குக் கீழ சுழிச்சிக்கினு நிக்குது?" என்றார். பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே, நீர் வழிகிற இடத்தில், மயிர் வட்டமாகச் சுழித்துக்கொண்டு நின்றது. நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான். அதற்கு என்ன பெயர், என்ன பலன் என்று பெரியசாமி மகனான நீதான் சொல்ல வேண்டுமாம். முதலாளி உன் எழுத்துக்குக் காத்திருக்கிறார். மோட்டாரில் போகிறவருக்குக் குதிரையின் மயிரைப் பார்த்துப் பயம்.

நேரில் வந்து பார்ப்பதானால் வா. அரை நாள் ரயில் பயணம்தான். ஜமேதாருக்கு நேரமில்லையென்றால் எழுது.

இது தவக்காலம். இப்போது சொல்கிற பொய்க்குப் பாவம் இரட்டிப்பு என்று சாமியார் சொல்கிறார். ஆகையால் கேட்கிறேன். சம்மனசு சவுக்கியமா?

லூர்துமேரி

&nbsp;

சேசு மரி சூசை

சைதாப்பேட்டை,
4-4-1938

அக்காளுக்கு. க்ஷேமம். இந்தக் கடிதத்தைக் காரியஸ்தர் நடராசன் அவர்களிடம் அப்படியே காட்டவும்.

நேரில் வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நீ எழுதின குறி ஒன்றே போதும். அது கண்ணீர்ச் சுழி. வைத்திருப்பவர் வீட்டில் அழுகை ஓயாது. வியாபாரம் படுக்கும். ஐயமில்லை, நான் கையெழுத்துப் போட்டே சொல்கிறேன். அதை விற்கவும் கூடாது, விற்ற காசு வழியாகத் தோஷம் திரும்பி வரும். தன் கொட்டிலில் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தவும் கூடாது. கைப்பிடிக் கொள்ளு மட்டும் வாங்கிக்கொண்டு, இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொடுத்து, யாருக்காவது தள்ளிவிட வேண்டும். அப்பா காலத்து முறை இதுதான்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கேட்பாரில்லாமல் மேய்கிற மந்தையில் பிறப்பது இப்படித்தான் பிறக்கும். விதை அரபி தேசத்து விதையாக இருந்தாலும் வளர்ப்பது நீங்கள்தானே? கழுதைக்கும் வேண்டாத குட்டி. வண்டிக்காரன் யாராவது கிடைத்தால் தலையில் கட்டிவிடு.

நீ கேட்ட மற்றவர்கள் எல்லாரும் சுகம்.

எம். பெரியசாமி அந்தோணிசாமி,
ஜமேதார்

&nbsp;

சேசு மரி சூசை

கெடார்,
9-5-1938

தம்பிக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். இனி மூவர்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலாளி மூன்று நாள் மோட்டாரில்கூட ஏறவில்லையாம். காரியஸ்தர் கெடாருக்கும் விழுப்புரத்துக்குமாக அலைந்து பார்த்தார். ஸ்டேஷன் ஜட்கா வண்டிக்காரர்கள் உன் பெயரைச் சொன்னதுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். எண்ணெய்ச் செக்குக்காரன்கூட வேண்டாமென்றான். கடைசியில் போன திங்கட்கிழமை இங்கே வந்து, மறுபடி ஒருமுறை சுழியைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்தார்.

"வேதக்காரங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நீங்களே ஓட்டிக்கினு போங்க" என்றார்.

உன் மாமா பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நிற்பதில் கெட்டிக்காரர். நான்தான், எங்கள் வீட்டில் மட்டும் அழுகை வந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். அழுகிறவர்கள் வழக்கமாக அழுகிறவர்களாக இருப்பதே நல்லது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எங்களைப்போல் ஒரு காணி நிலமில்லாதவர்களிடம் தோஷம் போய் எதைத்தான் பிடுங்கும்? சரியென்று என் கையால் ஒரு பிடி கொள்ளு அள்ளி அவர் துண்டில் போட்டேன். முதலாளி கையெழுத்துப் போட்ட பத்திரத்தை என்னிடம் கொடுத்தார். தாயிடம் பால் மறக்கும் வரை குட்டி வயலிலேயே இருக்கலாமென்றும் அதில் எழுதி வாங்கிக்கொண்டேன். உன் கடிதத்தையும் கேட்டு வாங்கி அதோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

குட்டிக்கு வியாகுலம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கழுதைக்கும் வேண்டாதது என்று எழுதினாயே, கழுதையைக் கேட்டுவிட்டா எழுதினாய்?

சம்மனசு சவுக்கியமா?

லூர்துமேரி

&nbsp;

சேசு மரி சூசை

சைதாப்பேட்டை,
10-12-1939

மகா அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காள் அவர்களின் பாதத்துக்குத் தம்பி அந்தோணிசாமி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் சுகத்தையும் மாமா அவர்களின் சுகத்தையும் நினைக்காத நாளில்லை. ஒன்றரை வருஷமாக எழுதாமலிருந்ததற்கு என் வேலையே காரணம், மனசு காரணமில்லை.

சென்ற மாதம் எங்கள் துரையின் சிநேகிதர் ஒருவர் பனமலை ஏரிக்கு வாத்து சுட வந்திருந்தார். கரையில் ஒரு பெண் குதிரைக்குட்டி ஓடியதைப் பார்த்துச் சுடுவதையே மறந்துவிட்டாராம். விசாரித்ததில் அது தங்களுடையது என்று தெரிந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, உன் அக்காள் குதிரையாமே, அழைத்து வா என்கிறார். தாங்கள் கேட்பதைக் கொடுக்கத் தயார். இதற்குள் வேங்கடேசன் முதலாளி காதுக்கும் எட்டி, பத்திரத்தைத் தள்ளிவிட வழி உண்டா என்று வக்கீலிடம் கேட்கிறாராம். அவர் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும்.

சுழியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். சில சுழி வயதோடு மாறும், அதற்கும் சாஸ்திரத்தில் இடமுண்டு. பொங்கலுக்கு நான் நேரில் வந்து பார்த்து, தோஷம் கழிந்தது என்று எழுதிக்கொடுக்கிறேன். தங்கள் வளர்ப்பின் அருமை எனக்கு எப்போதுமே தெரியும்.

தங்கள் தாழ்மையுள்ள தம்பி,
அந்தோணிசாமி

&nbsp;

சேசு மரி சூசை

கெடார்,
28-12-1939

அந்தோணிசாமிக்கு லூர்துமேரி எழுதுவது. நாங்கள் சுகம்.

நேற்றுவரை நீ, இன்று தாங்கள். உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருக்கு எழுதின காயிதம்மா இது? மாத்திக் குடுத்துட்டானா தபால்காரன்?" என்றார். வருஷத்துக்கு ஒருமுறை பேசினாலும் நன்றாகப் பேசுகிறார்.

நீ பொங்கலுக்கு வந்து சுழி பார்க்க வேண்டாம். சுழி இல்லை. இப்போது இல்லாமல் போகவில்லை, எப்போதுமே இல்லை. ஈன்ற தாய் குட்டியை நக்குவாள். ராக்கினி இடது கன்னத்தை விடாமல் நக்கினாள், ஈரமயிர் வட்டமாகக் காய்ந்து நின்றது. காரியஸ்தர் பார்த்தது அதைத்தான். ஒரு வாரத்தில் படிந்துவிட்டது. உன் கடிதம் வந்த பிறகு, பத்திரம் எழுத அவர் வருகிற அன்றைக்குச் சோற்றுக்கஞ்சியைத் தொட்டு என் விரலால் நானே சுழித்துவிட்டேன். வியாகுலம் அசையாமல் நின்றாள், கஞ்சியை நக்கிக்கொண்டாள்.

நான் உனக்குப் பொய் எழுதவில்லை. மயிர் சுழித்து நிற்கிறது என்று எழுதினேன், நின்றது. வந்து பார் என்றும் எழுதினேன். வந்திருந்தால் பெரியசாமி மகன் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவியே கண்டுபிடித்திருப்பான். ஜமேதாருக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. நாங்கள் வளர்த்ததில் கெட்டது பிறக்கும் என்று சொல்ல உனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசைதான் எனக்கு இந்தக் குதிரையைக் கொடுத்தது.

இந்தக் கடிதத்தைத் தாராளமாக முதலாளியிடம் காட்டு. உன் துரையிடமும் காட்டு. அவர்கள் வக்கீல் வைத்தால் நான் உன் கையெழுத்தை வைப்பேன். ஐயமில்லை என்று எழுதியிருக்கிறாய். நேரில் பார்க்காமலே சுழி சொல்கிறவனைத்தான் ஜமேதாராக வைத்திருக்கிறோம் என்று எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். நீ காட்டமாட்டாய். குதிரையைவிடத் தலைப்பாகை உனக்குப் பெரிது.

இனி நான் எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன். உங்கள் லாயத்தில் வேலை பார்த்த மரக்காணத்துச் சின்னக்கண்ணு, தவக்காலம் தொடங்கின வாரம் விழுப்புரம் ஸ்டேஷனில் உன் மாமாவைப் பார்த்தான். ராக்கினி ஈனுவதற்கு முன்னால். பந்தயத்தில் பாதி தூரத்தில் சம்மனசுக்குக் கால் முறிந்ததாம். துப்பாக்கி வரும்வரை ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். உன் மாமா கெடார் வரைக்கும் நடந்தே வந்தார். வந்து சொல்லிவிட்டு, ராக்கினியிடம் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகும் இரண்டு கடிதத்தில், சம்மனசு சவுக்கியமா என்று உன்னைக் கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. என்ன எழுதுவாய் என்று பார்க்கக் கேட்டேன். மற்றவர்கள் எல்லாரும் சுகம் என்று எழுதினாய்.

கண்ணீர்ச் சுழி உள்ளதை வைத்திருப்பவர் அழுவார் என்று சாஸ்திரம் சொன்னாயே, தேவமணிச் சுழி இருந்த பிள்ளைக்காகத்தான் நான் அழுதேன். வியாகுலத்தை உனக்கும் தரமாட்டேன், உன் துரைக்கும் தரமாட்டேன். நாலு வயது முடிகிறவரை அவள் முதுகில் ஈ உட்கார்ந்தாலும் நான் ஓட்டுவேன்.

கயிற்றைப் பிடித்தது யார் என்று சின்னக்கண்ணு சொன்னான். எனக்கு அது உன் கையெழுத்தில் வேண்டும். அதுவரை சுகம் விசாரித்து எழுதாதே.

லூர்துமேரி

&nbsp;

[அஞ்சலட்டை]

சைதாப்பேட்டை,
17-3-1940

அக்கா,

நான்தான் பிடித்தேன். மறக்கடிக்க ஒரு மாதம் பிடித்தது என்று எழுதியிருந்தேன், அடித்துத்தான். மறக்கவில்லை. மூன்று காலில் நின்றுகொண்டு என் தோளில் தலையை வைத்தான். துப்பாக்கிக்காரன் என்னை நகரச் சொன்னான், நகர்ந்தேன். அன்றைக்கே ஜமேதார் ஆக்கினார்கள், குதிரை முரண்டாமல் பிடித்ததற்காக.

அந்தோணி

&nbsp;

சேசு மரி சூசை

கெடார்,
2-4-1940

தம்பி அந்தோணிசாமிக்கு அக்காள் லூர்துமேரி எழுதுவது. நானும் உன் மாமாவும் வியாகுலமும் சுகம். உன் சுகத்துக்கும் ஜெயத்தின் சுகத்துக்கும் எழுதவும்.

அட்டை வந்தது. உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு வயலுக்குப் போனார்.

ராக்கினிக்கு வயதாகிறது. பாறைக்கு மேய ஓட்டிப் போய்வர எங்கள் இருவரால் முடியவில்லை. ஆள் வேண்டும். லாயத்தில் விடுவார்களானால் வா. இங்கே யாரும் உன்னை ஜமேதார் என்று கூப்பிட மாட்டார்கள். வியாகுலம் கூப்பிட்டால் வருவாள், யார் தோளிலும் தலையை வைப்பாள். அப்போது நகராமல் நிற்க முடியுமானால் வா.

பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வா.

லூர்துமேரி